விழ வேண்டிய எலி

மார்க்கண்டர் வீட்டில் எலி விழுந்து துடித்தால் சந்தோஷம். விழாமல் ஓடித் திரிந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்காது. கோப்பாயில் வேறெந்த வீட்டிலும் இப்படியொரு தலைகீழ் நியாயம் இருந்ததில்லை. ஊர் சிரித்தது. பக்கத்து வளவுப் பஞ்சலிங்கம் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன மார்க்கண்டு அண்ணை, இண்டைக்கு உங்கடை ஆக்கள் விழுந்தவையோ?" என்று கேட்பான். சிரிக்கட்டும். அவனுடைய பிள்ளைக்குச் சீனி வியாதி இல்லை.

மார்க்கண்டர் படித்தது எட்டாம் வகுப்பு மட்டும். தகப்பன் புகையிலைத் தோட்டக்காரர். எண்பத்து மூன்றாம் ஆண்டு, ஆடிக் கலவரத்துக்கு மூன்று மாதம் முந்தி, பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் எலி பார்க்க ஆள் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் நின்றார். பதவியின் பெயர் ஆய்வுகூட உதவியாளர். வேலை என்னவென்றால் வெள்ளெலிகளுக்குத் தீன் போடுவது, கூடு கழுவுவது, எலியை நிறுப்பது, கண்ணாடிக் குழாய்களை உடைக்காமல் அலம்பி வைப்பது. மனிதர் சுத்த சைவம், மச்சம் வாயில் வைக்காதவர். முதல் நாள் எலியை வாலில் தூக்கியவர் வீட்டுக்கு வந்து கிணற்றடியில் மூன்று தரம் முழுகினார். மூன்றாம் மாதம் அதே கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார்.

அந்த ஆய்வுகூடத்தில் எல்லாமாக இருந்தவர் டொக்டர் செபநாயகம். குருநகர் ஆள். வெளிநாட்டில் படித்து, அங்கேயே கிடைத்த வேலையை உதறிவிட்டு, பெட்டி நிறையக் கண்ணாடிச் சாமான்களோடு ஊருக்கு வந்திறங்கியவர். இன்சுலினைத் தவிர அவருக்கு வேறு கதை கிடையாது. கேட்பதற்கு வேறு ஆள் இல்லாத நேரங்களில் மார்க்கண்டருக்குச் சொல்லுவார்.

"ஈரலிலை ஒவ்வொரு உயிர்க்கலத்துக்குள்ளையும் ஒரு பெரிய ஏடு கிடக்கு, மார்க்கண்டு. மரபணு எண்டு சொல்லுறது அதின்ரை பக்கங்கள். பசிச்சால், சீனி செய் எண்டு எழுதின பக்கம் திறபடும். சாப்பிட்ட உடனை இன்சுலின் வந்து வெளிக்கதவிலை தட்டும். அந்தச் செய்தி கை மாறிக் கை மாறி உள்ளுக்குப் போய்ச் சேர, அந்தப் பக்கம் மூடுபடும். தட்டினது கதவிலை, மூடினது ஏட்டிலை. நடுவிலை நிண்டு செய்தி கடத்தினது ஆர் ஆர் எண்டதைத்தான் நான் தேடுறன்."

"ஓம் ஐயா," என்பார் மார்க்கண்டர். பாதி விளங்கும். விளங்காத பாதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சைக்கிள் உழக்கும்போது யோசிப்பார்.

ஒன்று மட்டும் முழுதாக விளங்கியது, ஏனென்றால் அதுதான் அவருடைய வேலை. எலியைப் பட்டினி போட வேண்டும். முதல் நாள் பின்னேரம் தீனை எடுத்துவிட்டால் அடுத்த நாள் மத்தியானம் தாண்டும்வரை தண்ணீரைத் தவிர ஒன்றும் வைக்கக் கூடாது. "சாப்பிட்ட எலியும் பட்டினி எலியும் ஒரே எலியில்லை," என்று டொக்டர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். "உள்ளுக்குள்ளை ரெண்டும் வேறை வேறை பக்கம் வாசிக்குதுகள். ஒரு பருக்கை போனாலும் என்ரை ஒரு மாத வேலை பாழ்."

மனைவி பராசக்திக்கு இது பிடிக்கவேயில்லை. அவள் பிள்ளையார் பக்தை. எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிறவள்.

"பிள்ளையாரின்ரை வாகனத்தைப் பட்டினி போட்டுச் சம்பளம் வாங்கிறியள். உது நல்லதுக்கில்லை, சொல்லிப்போட்டன்," என்றாள்.

"உது அந்த எலியில்லையடி. இது வெளிநாட்டு எலி," என்று அவர் பகிடி விட்டார். அவள் சிரிக்கவில்லை.

எண்பத்தெட்டாம் ஆண்டு, மகள் ஞானாம்பிகைக்குப் பதின்மூன்று வயது. ஒரே பிள்ளை. அவள் செம்பு செம்பாகத் தண்ணீர் குடிக்கத் தொடங்கினாள். சட்டை தோளில் தொங்கியது. வெயிலுக்குத்தான் என்றாள் பராசக்தி. ஒரு காலை மார்க்கண்டர் கிணற்றடிக்குப் பின்னால், பிள்ளை ஒன்றுக்கிருந்த இடத்தில், எறும்புகள் வரிசை கட்டி நிற்பதைக் கண்டார். ஐந்து வருடமாக ஆய்வுகூடத்தில் சீனி ஏறிய எலிகளின் கூட்டுக்கடியிலும் இதே வரிசையைத்தான் அவர் துடைத்து வந்திருந்தார். வைத்தியர் சொல்வதற்கு இரண்டு நாள் முந்தியே அவருக்குத் தெரிந்துவிட்டது. துவாயைத் தலையில் போட்டுக்கொண்டு கிணற்றுக்கட்டில் இருந்துவிட்டார்.

அன்றிலிருந்து காலையில் இருபது அலகு, பின்னேரம் பத்து அலகு. ஊசி போடுவது மார்க்கண்டர்தான். எலிக்குப் போட்டுப் பழகிய கை, பிள்ளைக்கு நோகாது. சீனி காட்டும் நீலத் தண்ணீருக்குள் பிள்ளையின் சிறுநீரில் எட்டுத் துளி விட்டுக் காய்ச்சிப் பார்ப்பார். நீலமாய் நின்றால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று போய்ச் செங்கல் நிறத்துக்கு வந்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சுக் குறையும். டொக்டர் செபநாயகம் பிள்ளையை வந்து பார்த்தார். இவளுடைய கதவைத் தட்ட உள்ளே ஆளில்லை, வெளியிலிருந்துதான் ஆள் அனுப்ப வேண்டும், ஒரு நாளும் தவறக் கூடாது என்றார். பிறகு மார்க்கண்டரைத் தனியே கூப்பிட்டு, மருந்து வெக்கையில் கிடந்தால் செத்துப்போகும், செத்ததும் சாகாததும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்றும் சொன்னார்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. மின்சாரம் போனது; திரும்பி வரவில்லை. டொக்டர் அதற்கு இரண்டு மாதம் முந்தி, ஒரு வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று வெளிநாடு போயிருந்தார். ஏழு வருடமாய் அவர் சேர்த்து வைத்த ஈரல் துண்டுகள் ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் உருகின. மூன்றாம் நாள் மார்க்கண்டர்தான் அந்தப் பெட்டியைத் திறந்தார். பெயரும் திகதியும் ஒட்டிய நானூற்றுச் சொச்சம் சின்னப் போத்தல்கள். எல்லாவற்றையும் வளவு மூலையில் ஆழமாய்க் கிடங்கு வெட்டிப் புதைத்தார். மணம் கையை விட்டுப் போக ஒரு கிழமை எடுத்தது. மிஞ்சிய நாற்பது எலிகளைக் கூடுகளோடு சைக்கிள் கரியரில் கட்டி, இரண்டு நடையாக வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டுக்கொட்டிலில் வைத்தார். டொக்டர் வந்து கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். டொக்டர் வரவில்லை. கொஞ்ச நாளில் கடிதமும் நின்றது.

சீனி, சவர்க்காரம், மண்ணெண்ணெய், பற்றரி என்று அரசாங்கத்தின் தடைப் பட்டியல் நீண்டது. இன்சுலின் கப்பலில் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. கொழும்பிலிருந்து யாராவது மடியில் கட்டிக் கொண்டு வந்தால் அது எத்தனை நாள் வெயிலில் கிடந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும். வீட்டில் குளிரான இடம் கிணறு ஒன்றுதான். மார்க்கண்டர் மூடி இறுக்கிய தகரப் பால்மாப் பேணிக்குள் போத்தலை வைத்து, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே கயிற்றில் தொங்கவிட்டார். குண்டு விழுந்து நிலம் அதிர்ந்தால் மற்றவர்கள் பதுங்கு குழிக்கு ஓடுவார்கள். அவர் முதலில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓடுவார்.

அப்போதுதான் பழைய முறை ஞாபகம் வந்தது. கருவிகள் வராத காலத்தில் இன்சுலின் செய்கிறவர்கள் எலியில்தான் அதன் பலத்தைப் பார்த்தார்கள் என்று டொக்டர் ஒருமுறை செய்து காட்டியிருந்தார். பட்டினி எலிக்கு மருந்தை நன்றாகக் கரைத்து நுனியளவு குத்தி, சூடான பெட்டிக்குள் விட வேண்டும். மருந்து உயிரோடு இருந்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் எலி சீனி இறங்கி விழுந்து துடிக்கும். உடனே வாயில் சீனித் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தால் எழும்பிவிடும். விழாவிட்டால் மருந்து செத்தது.

மார்க்கண்டர் அடுப்பில் மணலை வறுத்துத் தட்டில் பரப்பி, அதன்மேல் பெட்டியை வைத்துச் செய்து பார்த்தார். வந்தது. அதற்குப் பிறகு புதுப் போத்தல் எது வந்தாலும் முதலில் எலிக்கு, பிறகுதான் பிள்ளைக்கு. விழுந்த எலி ஒவ்வொன்றுக்கும் தன் கையாலேயே சீனித் தண்ணீர் வைத்தார். எழும்பி மீசையைத் துடைக்கும்போது, "நல்ல பிள்ளை," என்பார்.

ஆனால் எலிகள் குறைந்துகொண்டே வந்தன. பனங்கிழங்கை இடித்த ஒடியல்மாவும் குரக்கனும் அவற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதைவிடப் பெரிய கேடு சத்தம். விமானம் வந்து போட்டுவிட்டுப் போன மறுநாள் காலையில் பார்த்தால், தாய் எலிகள் ஈன்ற குட்டிகளைத் தாங்களே தின்றிருக்கும். வைக்கோலில் சின்னச் சின்ன வால்கள் மட்டும் கிடக்கும். பராசக்தியும் மகளும் காண முந்தி அவர் அவற்றைப் பொறுக்கி எடுத்துவிடுவார். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு கார்த்திகையில் அவரிடம் மிஞ்சியிருந்தவை நான்கு.

அந்தக் கார்த்திகை மோசமான மாதம். கப்பல் வரவில்லை. கிணற்றுப் பேணிக்குள் இருந்த போத்தலில் அடிமட்டம்தான் மிச்சம். பதினொரு நாள் அரை அளவு போட்டு இழுத்தார்கள். ஞானாம்பிகைக்குப் பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை. புத்தகத்துக்கு முன்னால் குந்தியபடியே தூங்கி விழுந்தாள். தண்ணீர்க் குடம் அவள் பக்கத்திலேயே இருந்தது. நீலத் தண்ணீரும் முடிந்துவிட்டது. இனி நிறம் பார்த்துச் சொல்லவும் வழியில்லை.

பராசக்தி அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். பிள்ளையார் கதை விரதம் பிடித்தாள். இருபத்தொரு இழைக் காப்பை இடது கையில் கட்டி, இருபத்தொரு நாளும் ஒரு நேரச் சாப்பாட்டோடு, கோயிலில் கதை படித்து முடியும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்தாள். பிள்ளைக்கு மருந்து வந்து சேர வேண்டும், வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

மருந்து வந்தது. விரதம் முடிகிற நாளுக்கு முதல் நாள் பின்னேரம், கிளாலிக் கடலில் படகோடுகிற சந்தியோகு படலையடியில் வந்து நின்றான். சேட்டுக்குள்ளிருந்து ஈரத்துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்தான்.

"அண்ணை, குறை நினையாதையுங்கோ. முந்தநாள் வந்திருக்க வேணும். கடலிலை துவக்குச் சூடு நடந்து ரெண்டு நாள் அக்கரையிலை கிடந்தனாங்கள். துணியை நனைச்சு நனைச்சுத்தான் வைச்சனான். ஆனால் நல்ல வெயில்."

மார்க்கண்டர் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். தெளிந்த தண்ணீர். செத்ததும் அப்படித்தான் இருக்கும். அன்று பின்னேரமே நான்கு எலிகளின் தீனையும் எடுத்துவிட்டார். ஒன்றிரண்டை ஒதுக்கி, நல்ல மருந்து குத்தி ஒப்புப் பார்ப்பதுதான் முறை. ஒப்புப் பார்க்க நல்ல மருந்து எங்கே? அடிமட்டத்தில் இருந்தது பிள்ளையின் நாளைய பங்கு.

அடுத்த நாள் இரண்டு மணிக்கு நான்குக்கும் குத்தி, சூட்டு மணலில் பெட்டியை வைத்துவிட்டு முன்னால் குந்தினார். அரை மணி. ஒரு மணி. எலிகள் மீசையைத் துடைத்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி விளையாடின. ஒன்றரை மணி. ஒன்றுகூட விழவில்லை. மணலைத் திரும்பச் சூடாக்கி இன்னும் அரை மணி பார்த்தார்.

"என்னப்பா?" என்று ஞானாம்பிகை கதவடியில் நின்று கேட்டாள்.

"மருந்து பழுது, பிள்ளை. நனைச்ச துணிக்குள்ளை வந்தபடியால் முழுக்கச் சாகேல்லைப் போலை. பாதி செத்துட்டுது. இரட்டிச்சுப் போடுவம்," என்றார்.

கணக்குச் சரிதான். பிழை வேறு இடத்தில் இருந்தது.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு, இருபது போட வேண்டிய இடத்தில் நாற்பது போட்டார். பிள்ளை ஒடியல் பிட்டுக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மேசையில் போய் இருந்து எழுதத் தொடங்கினாள். பராசக்தி விரதம் நல்லபடி முடிந்த நிம்மதியில் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்தாள். மார்க்கண்டர் ஒன்பது மணிபோலக் கொட்டிலுக்குப் போய்க் கூடு கழுவ வைக்கோலை வெளியே இழுத்தார். கையில் ஏதோ ஒட்டியது. பார்த்தார். அரிசிமா. அதற்குள் பயறும் தேங்காய்ப்பூவும், பனங்கட்டிப் பாணியில் ஊறி மினுங்கிக்கொண்டு. வைக்கோலைக் கிளற இன்னொரு துண்டு. நாலு கூட்டிலும் இருந்தது.

மோதகம். கடைசிநாள் கோயிலில் படைத்த மோதகம்.

அவருக்கு ஒரு கேள்வியும் கேட்கத் தேவைப்படவில்லை. நேற்று மத்தியானம் இருபத்தொரு நாள் விரதத்தை முடித்துக்கொண்டு வந்தவள், தான் வாயில் வைக்க முந்தி பிள்ளையாரின் வாகனத்துக்கு வைத்திருக்கிறாள். பட்டினி கிடக்கிற நாலு சீவனுக்கும் பங்கிட்டு வைத்திருக்கிறாள். எலிகள் இனிப்பை வயிறு முட்டத் தின்றுவிட்டுத்தான் ஊசி வாங்கியிருக்கின்றன. பிறகு எப்படி விழும்? மருந்து சாகவில்லை. முழு உயிரோடு இருந்தது. அதில் இரண்டு பங்கு இப்போது பிள்ளையின் உடம்பில் ஓடுகிறது.

அவர் ஓடினார். ஞானாம்பிகை மேசையில்தான் இருந்தாள். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கையில் பேனை. தாளில் எழுத்து வரியை விட்டு இறங்கி, இறங்கி, ஒரு மூலையில் வெறும் கிறுக்கலாய் முடிந்திருந்தது.

"அப்பா," என்றாள், நாக்குக் குழற. "ஏன் ரெண்டு பேர் நிக்கிறியள்?"

அவ்வளவுதான். கதிரையிலிருந்து சரிந்து நிலத்தில் விழுந்தாள். கை கால் இழுத்தது. பெட்டிக்குள் நூறு தரம் அவர் பார்த்த அதே துடிப்பு. ஐயோ, அதே துடிப்பு. எந்தத் தகப்பனும் தன் பிள்ளையில் அதைப் பார்க்கக் கூடாது.

"சீனி! சீனிப் போத்தில் எங்கை?" என்று கத்தினார்.

பராசக்தி ஈரக் கையோடு ஓடி வந்தாள். அவசரத்துக்கென்று அலுமாரியில் ஒளித்து வைத்திருந்த போத்தலைத் தூக்கினார். வெறும் போத்தல். பனங்கட்டி வைக்கிற ஓலைக் குட்டானும் வெறுமை.

"மோதகத்துக்கு... பிள்ளையாருக்குத்தானே எண்டு..." அவள் வெறுங் குட்டானைத் தட்டிப் பார்த்தாள். "இண்டைக்குச் சங்கக்கடையிலை பனங்கட்டி குடுக்கிறாங்கள், வாங்கலாம் எண்டு..."

சட்டியில் மூன்று மோதகம் மிஞ்சியிருந்தது. மார்க்கண்டர் அதைப் பிய்த்து இனிப்பு உள்ளுடனைச் சுடுதண்ணீரில் கரைத்தார். பிள்ளையைச் சரித்துப் பிடித்து, விரலைத் தோய்த்துப் பல் முரசில் தேய்த்தார். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. எலிக்கு வைத்துப் பழகிய அளவு. விழுங்க மாட்டாதவளுக்குக் கூட ஊற்றினால் புரையேறும் என்று தெரிந்த கை அது. பஞ்சலிங்கம் வேலி பாய்ந்து வந்து ஒன்றும் கேட்காமல் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தான். இருபத்தைந்து நிமிடம். பிறகு இழுப்பு நின்றது. கண் திறந்தது.

பராசக்தி நிலத்தில் விழுந்து கும்பிட்டாள். "பிள்ளையாரப்பா! உன்ரை மோதகம்தான் என்ரை பிள்ளையைக் காப்பாத்தினது!"

மார்க்கண்டர் எழுந்து கொட்டிலுக்குப் போய், கூடுகளில் மிஞ்சியிருந்த மோதகத்தைப் பொறுக்கி வேப்ப மரத்தடியில் புதைத்தார்.

அவர் சொல்லவில்லை. இருபத்தொரு நாள் பட்டினி கிடந்தவளிடம் எந்த வாயால் சொல்வது? மருந்தின் அளவு தனக்குப் பிழைத்துவிட்டது என்று மட்டும் சொன்னார். அன்று பின்னேரமே கொட்டிலுக்கு ஒரு ஆமைப்பூட்டு வாங்கிப் போட்டார். அதன் திறப்பை அரைநாணில் கட்டினார். மனிசனுக்கு எலிப் பைத்தியம் முற்றிவிட்டது என்று பஞ்சலிங்கம் ஊரெல்லாம் சொன்னான். பராசக்திகூட அப்படித்தான் நினைத்தாள். நினைக்கட்டும் என்று விட்டார். ஆனால் அதன்பிறகு அவள் பிள்ளைக்குச் சாப்பாடு போடும்போதெல்லாம் அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்பான கைதான். அந்தக் கைக்குத்தான் அவர் பயந்தார்.

தொண்ணூற்றைந்து ஐப்பசி. ஷெல் சத்தம் நீர்வேலிக்கு வந்து, கோப்பாய்க்கு வந்தது. முப்பதாம் திகதி எல்லாரும் வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே தெருவில், ஒரே பாலத்தை நோக்கி, கொட்டுகிற மழையில் நடந்தது. மார்க்கண்டர் வீட்டிலிருந்து எடுத்தவை இரண்டு சாமான். ஒன்று மருந்துப் போத்தலும் ஊசியும் ஒரு பிடி சீனியும் போட்ட பை. மற்றது ஓட்டை போட்ட பால்மாப் பேணிக்குள் மிஞ்சியிருந்த ஒரேயொரு எலி.

பிழை திரும்பவும் நடந்தது, இந்த முறை அவருடைய கையால். பாலம் தாண்டி ஒரு உழவு இயந்திரப் பெட்டியில் இடம் கிடைத்தது. மழை படாமல் இருக்கட்டும் என்று மருந்துப் பையை இயந்திரத்துக்குக் கிட்டவாகச் செருகினார். சனத்துக்குள் அது நகர்ந்து நகர்ந்து போய் மூன்று மணித்தியாலம். இறங்கும்போது பையைத் தொட்டார். தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்ட சூடு.

பாலத்துக்கு அப்பால், தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. பன்னிரண்டு குடும்பம். கரும்பலகைக்குக் கீழே இவர்களுக்கு இரண்டு பாய் விரிக்கிற இடம். நடந்த பாதையில், நின்று ஊசி போட இடமில்லாத நெரிசலில், ஞானாம்பிகை ஏற்கெனவே இரண்டு ஊசி தவறவிட்டிருந்தாள். மூச்சில் பழம் அழுகினது போன்ற மணம் லேசாகத் தொடங்கியிருந்தது. அந்த மணம் மார்க்கண்டருக்குத் தெரியும். மருந்து செத்திருந்தால் வேறு எங்காவது ஓட வேண்டும், எங்கே என்று தெரியாது. செத்தது என்று நினைத்துக் கூடப் போட்டால், அன்றைய காலை திரும்ப வரும். பார்க்காமல் போட அவருக்குத் துணிவில்லை. எலியின் தீனைப் பயணத்தின்போதே நிறுத்தியிருந்தார். இன்னும் சில மணித்தியாலம்.

மதியம் யாரோ விசுக்கோத்துப் பைக்கற் கொடுத்தார்கள். பராசக்தி ஒன்றை எடுத்து நுனியைக் கிள்ளி, பேணியின் ஓட்டையடிக்குக் கொண்டுபோனாள்.

"போடாதை!"

வகுப்பறையே திரும்பிப் பார்த்தது. அந்த மனிதர் மனைவியை அதட்டிக் கத்தியது கலியாணம் கட்டி இருபத்துமூன்று வருடத்தில் அதுதான் முதல் தரம்.

"ஏனப்பா? வாயில்லாச் சீவன். எங்களோடை நடந்து வந்தது..."

"நீ அண்டைக்கும் போட்டனி," என்றார். குரல் அவருடையதாக இல்லை. "விரதம் முடிஞ்ச அண்டைக்கு. மோதகம். அதாலைதான் எலி விழேல்லை. அதாலைதான் நான் இரட்டிச்சுப் போட்டனான்."

பராசக்தி கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டை மெல்லத் தாளில் வைத்து மடித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் மார்க்கண்டருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"ரெண்டு வருசமாய் இதை வைச்சுக்கொண்டே இருந்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள்.

அவள் தன் பங்கு விசுக்கோத்தையும் தொடாமல் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு அவர் எலியை எடுத்துக் குத்தினார். மணல் வறுக்க அடுப்பில்லை. பராசக்தி பேணியை வாங்கித் தன் மடிக்குள், சேலைக்கு உள்ளே, வயிற்றோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள். மூடி மட்டும் திறந்திருந்தது. மூன்று பேரும் அதற்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பாய்க்காரர், பாவம், மூளை பிசகிவிட்டது என்று குசுகுசுத்தார்கள்.

நாற்பது நிமிடத்தில் எலி தள்ளாடியது. ஒருதரம் எழும்பப் பார்த்தது. பிறகு பக்கவாட்டில் விழுந்து துடித்தது.

"விழுந்திட்டுது அம்மா!" என்றாள் ஞானாம்பிகை. மார்க்கண்டர் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மருந்து உயிரோடு இருந்தது. அளவாய் இருபது அலகு எடுத்து மகளுக்குப் போட்டார். ஒன்று கூட இல்லை, ஒன்று குறைய இல்லை.

அதற்குள் பராசக்தி சீனித் தண்ணீரை விரலில் தொட்டு எலியின் வாயில் வைத்தாள். ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. விரலால் அதன் நெஞ்சைத் தடவினாள். எலி எழும்பவில்லை. பட்டினியும் நடையும் மழையும் அதற்குப் போதும் என்றாகிவிட்டது. அவள் நெடுநேரம் விரலை எடுக்கவில்லை.

போத்தலில் இன்னும் பதினெட்டு நாளுக்கு மருந்து இருந்தது. அதற்குப் பிறகு எங்கிருந்தோ ஒரு போத்தல் வரும், அல்லது வராது. வந்தாலும் எத்தனை வெயில் கண்டு வரும் என்று யாருக்குத் தெரியும்.

"இனி எலியில்லை," என்றார் மார்க்கண்டர், தனக்குத்தானே சொல்லுவதுபோல.

பராசக்தி எலியைப் பழந்துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துவிட்டு, இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டினாள்.

"அடுத்த போத்திலை என்னிலை குத்திப் பாருங்கோ," என்றாள். "பட்டினி கிடக்க எனக்குத் தெரியும்தானே."

மார்க்கண்டர் அவள் கையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். மகள் பாயில் கண்மூடிக் கிடந்தாள். அவர் மிஞ்சிய சீனியை எடுத்து, அவள் விழும்போது வேண்டும் என்று, அவளுடைய சேலைத் தலைப்பில் முடிந்தார்.